வெரிகோஸ் வெயின்: ‘ரெண்டு கால்லயும்’னு டாக்டர் எழுதியிருந்தா ஐ83.93 போட்டது தப்பா?

கோடர்_மலர் | கேள்வி

வணக்கம். திருச்சியில ஒரு கோடிங் கம்பெனியில இருக்கேன் (டாக்டர் எழுதினதை இன்சூரன்ஸ் க்ளெய்முக்கான ஐசிடி நோய்க் கோடா மாத்துற வேலை). அவுட்பேஷண்ட் சர்ஜரி ப்ராஜெக்ட், பதினாலு மாசம் ஆச்சு. இந்த வாரம் ஒரே சார்ட்டுக்கு (நோயாளியோட மருத்துவப் பதிவு) க்யூஏ, அதாவது எங்க வேலையைச் சரிபார்க்கிறவங்க, ரெண்டு எரர் போட்டிருக்காங்க, ரெண்டுமே ஐ83, கால் வெரிகோஸ் வெயினுக்கான கோடு. ரிபட்டல் (மறுப்பு) போட நாளைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் டைம். டிஎல் (டீம் லீடர்) கிட்ட கேட்டா “க்யூஏ சொன்னா ஒத்துக்கோம்மா, அடுத்த சார்ட்டைப் பாரு”ங்கிறார். மனசு ஆறல, அதான் இங்க வந்தேன்.

சார்ட்டைச் சுருக்கமா சொல்றேன். வயசு, தேதி, புண்ணோட அளவு எல்லாம் மாத்திட்டேன், யாரும் பதற வேண்டாம்.

அமெரிக்காவுல ஒரு வாஸ்குலர் கிளினிக். அம்பது தாண்டின பெண், கடையில கேஷியர், நாள் பூரா நிக்கிற வேலை. எச்பிஐல (நோயாளி சொன்ன நோய் விவரம்) இருக்கிறது: வலது கெண்டைக்கால்ல கடுப்பும் கனமும், சாயங்காலம் ஆனா ஜாஸ்தி, காலைத் தூக்கி வெச்சா குறையுது. 20-30 அழுத்தமுள்ள ஸ்டாக்கிங் மூணு மாசம் போட்டும் பெருசா பலன் இல்லை. படி ஏறினா வலது மூட்டு வலிக்குது. இடது கணுக்கால் உள்பக்கம் ஆறு வாரமா ஆறாத புண். எக்ஸாம்ல ரெண்டு கால்லயும் கயிறு மாதிரி புடைச்ச வெயின், இடது கணுக்காலைச் சுத்தித் தோல் பழுப்பு நிறம். அசெஸ்மென்ட்ல (டாக்டரோட முடிவு) மூணே வரி. 1. ரெண்டு கால்லயும் வெரிகோஸ் வெயின். 2. இடது கணுக்கால்ல வீனஸ் அல்சர் (வெயின் கோளாறால வர்ற புண்). 3. வலது முழங்கால் மூட்டுல ப்ரைமரி ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் (மூட்டுத் தேய்மானம்). இதோட காயம் பார்க்கிற நர்ஸ் எழுதின தனி ஷீட் ஒண்ணு இருக்கு. கொழுப்பு அடுக்கு தெரியுதுன்னு அதுல இருக்கு.

நான் போட்டது: ஐ83.93 (ரெண்டு கால் வெரிகோஸ்), எல்97.322 (இடது கணுக்கால் புண், கொழுப்பு தெரியுது), எம்17.11 (வலது மூட்டுத் தேய்மானம்).

க்யூஏ சொல்றது: ஐ83.93 தப்பு, ஐ83.811 (வலது கால் வெரிகோஸ், வலியோட) வரணும். எல்97க்கு முன்னாடி ஐ83.223 (இடது கால் வெரிகோஸ், கணுக்கால் புண்ணும் அழற்சியும் சேர்ந்து) வரணும். பழுப்புத் தோல்னா இன்ஃப்ளமேஷன்தான்னு (அழற்சி) கமெண்ட்ல எழுதியிருக்காங்க.

என் வாதம் இதுதான். அசெஸ்மென்ட்ல டாக்டர் எழுதினதைத்தானே கோடு பண்ணணும்? வலி எச்பிஐல மட்டும்தான் இருக்கு. கூடவே மூட்டுத் தேய்மானம் வேற. வலி எதனால வந்ததுன்னு தீர்மானிக்க நான் யாரு? ரெண்டு கால்னு தெளிவா இருக்கு, ரெண்டு காலுக்கான கோடும் இருக்கு, போட்டேன். அல்சருக்கு எல்97 போதும்னு நினைச்சேன். நர்ஸ் ஷீட்ல இருந்து ஆழத்தை எடுத்ததே தப்போன்னு அதுவும் ஒரு பக்கம் உறுத்துது.

இங்க்லீஷ் கீபோர்டு ஆபீஸோட முடிஞ்சது. வீட்ல தமிழ்லதான் அடிக்கிறேன், அதனால கோடும் தமிழ்ல வருது. பொறுத்துக்கோங்க.

---

ஆர்சிஎம்_ராஜா

நான் டினையல் டீம், இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்த க்ளெய்மைப் பார்க்கிறவன். இந்த ஐ83.9ஐ தினமும் பார்க்கிறவன். அடுத்து வலது காலுக்கு ரேடியோஃப்ரீக்வன்ஸி அப்லேஷன் பண்ணுவாங்க, கோடு 36475. அதோட ஐ83.93 போனா, அறிகுறி ஒண்ணும் இல்லாத வெயினை எதுக்கு எரிக்கிறீங்க, அழகுக்காகவான்னு கேட்டு பேயர் (இன்சூரன்ஸ் கம்பெனி) திருப்பிடுவான். பேசாம ஐ83.813 போட்டுடுங்க. ரெண்டு காலும் கவர் ஆயிடும், க்ளெய்மும் பாஸ் ஆயிடும். இவ்வளவு யோசிக்க இதுல என்ன இருக்கு?

---

பழைய_வார்டு_அக்கா

மலர், ராஜா தம்பி சொன்னதுல முதல் பாதியை மட்டும் வெச்சுக்கோ. ஐ83.9க்கு டினையல் வரும்ங்கிறது நிஜம். ஆனா க்ளெய்ம் பாஸ் ஆகணும்னு கோடு தேர்ந்தெடுக்கிறதுக்கு வேற பேர் இருக்கு, அதை இங்க எழுத வேண்டாம். 813ன்னா ரெண்டு கால்லயும் வலின்னு அர்த்தம். இடது கால்ல வலின்னு இந்த சார்ட்ல எந்த இடத்துல இருக்கு? தம்பி, காட்டுங்க, நானும் பார்க்கிறேன்.

என்னைப் பத்தி ரெண்டு வரி. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில சர்ஜரி வார்டு நர்ஸா இருந்தேன். கல்யாணம், குழந்தைன்னு ஆனப்புறம் நைட் டூட்டி முடியல, 2013ல கோடிங்குக்கு வந்தேன். (இங்கயும் நைட் ஷிஃப்ட்தான்னு வந்தப்புறம்தான் தெரிஞ்சது.) அப்ப ஐசிடி-9. கால் வெரிகோஸ்னா மொத்தமே அஞ்சு கோடு. புண்ணுக்கு 454.0, அழற்சிக்கு 454.1, ரெண்டும் இருந்தா 454.2, வலி வீக்கம் மாதிரி மத்ததுக்கு 454.8, ஒண்ணும் இல்லேன்னா 454.9. எந்தக் கால்னு கேக்கவே கேக்காது. 2015 அக்டோபர் 1ஆம் தேதி ஐசிடி-10 வந்துச்சு, அஞ்சு கோடு அம்பத்தேழு ஆச்சு. நான் எண்ணியே பார்த்திருக்கேன். பெருகினது முக்கால்வாசி வலதா இடதா, தொடையா கணுக்காலாங்கிற கேள்வியாலதான். அதனால இந்த கேட்டகரியை ஆளைப் பார்த்து கோடு பண்ண முடியாது, கால் காலா பார்க்கணும்.

நான் இன்னைக்கும் தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் நடுவுல ஒரு கோடு இழுத்து இந்தப் பக்கம் ‘வ’, அந்தப் பக்கம் ‘இ’ன்னு எழுதிக்குவேன். உன் சார்ட்டை அப்படிப் பிரிச்சா என்ன வருதுன்னு பாரு. ‘வ’ பக்கம்: புடைச்ச வெயின், கடுப்பு, கனம். ‘இ’ பக்கம்: புடைச்ச வெயின், கணுக்கால் புண், கொழுப்பு தெரியுது, தோல் பழுப்பு. இப்ப ‘ரெண்டு கால்லயும் அறிகுறி இல்லாத வெரிகோஸ்’னு ஒரு கோடு போட மனசு வருமா? நீ போட்ட 93க்கு அதுதான் அர்த்தம். டேபுலர்ல (கோடு எண் வரிசைப் பட்டியல்) ஐ83.9 தலைப்பே அசிம்ப்டமேட்டிக்.

நீ எங்க விழுந்தேன்னும் தெரியும், ஏன்னா நானும் விழுந்திருக்கேன். இண்டெக்ஸ்ல வெரிகோஸ் வெயின் கால்னு தேடினா முதல்ல கைக்கு வர்றதே ஐ83.9தான். டாக்டர் வேற எதுவுமே சொல்லாம வெறுமனே வெரிகோஸ் வெயின்னு எழுதியிருந்தா அது சரியும்கூட, அந்தச் சொல் ஐ83.9க்குக் கீழேயே உள்ளடங்கின சொல்லா இருக்கு. ஆனா அதே இண்டெக்ஸ் வரிக்குக் கீழ ‘வித்’னு, அதாவது ‘இதோட சேர்ந்து’ன்னு, ஒரு சின்ன வார்த்தை தொங்கிட்டிருக்கும். அதுக்குள்ள வலி, வீக்கம், அழற்சி, புண் எல்லாம் வரிசையா இருக்கும். அங்க வரைக்கும் கண்ணு போகணும்.

அந்த ‘வித்’துக்குத்தான் கைடுலைன்ல செக்ஷன் 1.ஏ.15. இண்டெக்ஸ்ல ‘வித்’துக்குக் கீழ இருக்கிற ரெண்டு விஷயமும் ஒரே சார்ட்ல இருந்தா, இதனால அதுன்னு டாக்டர் கை எழுதிக் காட்டணும்னு இல்லை. சம்பந்தம் இருக்குன்னே எடுத்துக்கணும். சம்பந்தம் இல்லைன்னு டாக்டர் தெளிவா எழுதியிருந்தா மட்டும் விட்டுடணும். “தீர்மானிக்க நான் யாரு”ன்னு கேட்டியே, நியாயமான கேள்வி. ஆனா இங்க நீ தீர்மானிக்கல, புத்தகம் தீர்மானிச்சு வெச்சிருக்கு.

மூட்டு விஷயத்துல உன் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனா எச்பிஐயைத் திரும்பப் படி. ரெண்டு வலி இருக்கு, ரெண்டும் தனித்தனி வாக்கியம். ஒண்ணு மூட்டுல, படி ஏறும்போது. இன்னொண்ணு கெண்டைக்கால்ல, நின்னு நின்னு சாயங்காலம் ஏறுறது, தூக்கி வெச்சா இறங்குறது. என் வார்டுக்கு வர்ற அம்மாக்கள் “கால்ல கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு சிஸ்டர்”னு சொல்றது இதைத்தான். சாயங்காலம் பார்வையாளர் நேரத்துல பக்கத்துக் கட்டில் கம்பியில காலைத் தூக்கிப் போட்டுட்டு உக்காந்திருப்பாங்க. அந்த அனுபவத்தை வெச்சு நான் கோடு போடல, போடவும் கூடாது. சார்ட்டே ரெண்டையும் பிரிச்சு எழுதியிருக்குன்னு காட்டத்தான் சொன்னேன். ‘வலது கால் வலி’னு ஒரே வரி மொட்டையா இருந்து, கீழ மூட்டுத் தேய்மானமும் இருந்தா, நான் க்யூரி (டாக்டர்கிட்டயே கேட்டு எழுதுறது) போடச் சொல்லியிருப்பேன். இது அப்படி இல்லை. ஐ83.811 சரி. முதல் எரரை ஒத்துக்கோ.

இடது காலுக்கு வா. எல்97ங்கிறது புண் எங்க, எவ்வளவு ஆழம்னு மட்டும்தான் சொல்லும். ஏன் வந்ததுன்னு சொல்லாது. அதுக்கு மேலேயே ‘அடிப்படை நோயை முதல்ல கோடு பண்ணு’ன்னு எழுதியிருக்கும், பட்டியல்ல ஐ83.0, ஐ83.2 ரெண்டும் இருக்கும். டாக்டர் வீனஸ் அல்சர்னே சொல்லிட்டார், அந்தக் கால்ல வெரிகோஸும் இருக்கு. அப்ப ஐ83.02 குடும்பம். வெரிகோஸ் இல்லாம வெறும் வீனஸ் அல்சர்னா ஐ87.2 பக்கம் போயிருக்கும்.

இதுல ஒரு சின்ன சூட்சுமம் சொல்றேன், எனக்கு யாரும் சொல்லித் தரல, ஒரு நாள் ராத்திரி மூணு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல கண்ல பட்டது. ஐ83.023ல கடைசி ரெண்டு எண் 2, 3. இடது, கணுக்கால். அதைத் திருப்பிப் போடு: 3, 2. எல்97.32. கணுக்கால், இடது. வலது கெண்டைக்கால்னா ஐ83.012, திருப்பினா எல்97.21. வலது பாதத்துல மத்த இடம்னா ஐ83.015, அங்க எல்97.51. எந்த இடத்துக்கும் பொருந்தும், ஏன்னா 1 தொடை, 2 கெண்டைக்கால், 3 கணுக்கால், 4 குதிகாலும் நடுப்பாதமும், 5 பாதத்துல மத்த இடம், 8 முழங்காலுக்குக் கீழ மத்த இடம், 9 இடம் சொல்லலைன்னு ரெண்டு பக்கமும் ஒரே எண்தான். சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கோடையும் பக்கத்துல வெச்சுக் கண்ணாடில பார்க்கிற மாதிரி ஒரு தடவை பாரு. பொருந்தலைன்னா எங்கேயோ கால் மாறிடுச்சுன்னு அர்த்தம்.

எல்97ல கடைசி எண் ஆழம். 1 தோல் மட்டும், 2 கொழுப்பு, 3 தசை செத்திருக்கு, 4 எலும்பு செத்திருக்கு. தசையோ எலும்போ பாதிச்சும் சாகலைன்னா 5, 6. நர்ஸ் ஷீட்ல இருந்து எடுத்தது தப்பே இல்லை, அதுல நீ தைரியமா இரு. ஆறாத புண்ணோட ஆழத்தை டாக்டர் அல்லாத மத்தவங்க எழுதினதுல இருந்தும் எடுக்கலாம்னு செக்ஷன் 1.பி.14 சொல்லுது. ஆனா அது என்ன புண்ணுங்கிறதை டாக்டர்தான் எழுதியிருக்கணும். இங்க எழுதியிருக்கார். புண்ணுக்குள்ள பஞ்சுக் குச்சியை விட்டு ஆழம் பார்த்தவ நர்ஸ்தானே, அவ எழுதினதை எடுக்காம வேற யாரு எழுதினதை எடுக்கிறது?

இனி ஐ83.223. இதை நான் ஒத்துக்க மாட்டேன், நீயும் ஒத்துக்காதே. வெயின்ல ரத்தம் தேங்கித் தேங்கி, சிவப்பணு கசிஞ்சு, அதுல இருக்கிற இரும்பு தோல்ல படிஞ்சு வர்ற நிறம் அது. வாழைக்கறை பட்ட வேட்டியைப் பார்த்திருப்பேல்ல, எத்தனை தடவை துவைச்சாலும் போகாத அந்தப் பழுப்பு, அதேதான். கறை வேற, எரிச்சல் வேற. அழற்சின்னா டாக்டர் வாயால அழற்சின்னோ ஸ்டேசிஸ் டெர்மடைட்டிஸ்னோ (ரத்தம் தேங்கி வர்ற தோல் அழற்சி) வரணும். சிவந்திருக்கு, சூடா இருக்குன்னு எக்ஸாம்ல இருந்தாக்கூட நாமளா டெர்மடைட்டிஸ்னு பேர் வைக்க முடியாது, க்யூரிதான். இங்க அதுவும் இல்லை, வெறும் நிறம். ஐ83.023தான் வரும். ரிபட்டல் போடு.

என் கணக்கு: ஐ83.811, ஐ83.023, எல்97.322, எம்17.11. எது முதல்லங்கிறது விசிட் எதுக்காகங்கிறதைப் பொறுத்தது. ஆனா 023க்கு அப்புறம்தான் எல்97, அதுல மாத்தமே கிடையாது.

---

தென்காசி_கோடர்

அக்கா சொன்னதுல கிட்டத்தட்ட எல்லாம் சரி. ஒரே ஒரு இடத்துல கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறேன். எங்க க்ளையண்ட் தனியா ஒரு எஸ்ஓபி (வேலை நடைமுறை விதி) குடுத்திருக்காங்க. கால் வெரிகோஸ்ல வலி கோடு போடணும்னா, வலிக்கும் வெயினுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அசெஸ்மென்ட்லயோ ப்ளான்லயோ டாக்டர் எழுதியிருக்கணும், எச்பிஐ மட்டும் போதாது, இல்லேன்னா க்யூரி. காரணமும் சொன்னாங்க. எச்பிஐல பாதி மெடிக்கல் அசிஸ்டண்ட் அடிக்கிறது, போன விசிட்ல இருந்து காப்பி பேஸ்ட் ஆகி வர்றது. மூணு விசிட்லயும் ‘ஸ்டாக்கிங் மூணு மாசம்’னே இருந்த சார்ட்டை நானே பார்த்திருக்கேன், மாசம் நகரவே இல்லை. மலர், உங்க ப்ராஜெக்ட் எஸ்ஓபில என்ன இருக்குன்னு முதல்ல பாருங்க. அப்புறம் அசெஸ்மென்டோட நிக்காதீங்க, ப்ளானையும் கடைசி வரி வரைக்கும் படிங்க. வாஸ்குலர் டாக்டருங்க பாதி விஷயத்தை அங்கதான் ஒளிச்சு வைப்பாங்க.

---

பழைய_வார்டு_அக்கா

ஒத்துக்கிறேன். எஸ்ஓபி இருந்தா அதுதான் மலர் வேலை பண்ற இடத்துக்குச் சட்டம். காப்பி பேஸ்ட் பத்தி நீங்க சொன்னது என் மனசுல இருந்த பயமும்தான், சோம்பேறித்தனத்துல எழுதாம விட்டுட்டேன்.

---

சிபிசி_ரெண்டாம்_முறை

நடுவுல ஒரு சந்தேகம். அடுத்த மாசம் சிபிசி (கோடர் சான்றிதழ்) எக்ஸாம். கர்ப்பிணிக்கு கால்ல வெரிகோஸ், 32 வாரம், ரெண்டு கால்லயும் வலி. ஐ83.813 சரிதானே?

---

தென்காசி_கோடர்

இல்லப்பா. கர்ப்பம்னதும் ஐ83ஐ மூடிட்டு ஓ22.0க்குப் போ. 32 வாரம்னா மூணாவது ட்ரைமெஸ்டர், ஓ22.03. கூட வாரத்துக்கு இசட்3ஏ.32. பிரசவத்துக்கு அப்புறம்னா ஓ87.4. ஓ சாப்டர் (கர்ப்பம், பிரசவக் கோடுகள்) இருந்தா அதுக்குத்தான் முன்னுரிமை. இந்த மாதிரிக் கேள்வியில நாலு ஆப்ஷன்ல ஒண்ணா ஐ83.813 கண்டிப்பா உக்காந்திருக்கும், ஏமாறாதே.

---

விருந்தாளி_7

மன்னிக்கணும், எனக்கு கோடிங்லாம் தெரியாது. வெரிகோஸ்னு தேடினப்போ இந்தப் பக்கம் வந்துச்சு. எங்கம்மா டெய்லர், முப்பது வருஷமா மிஷின்ல உக்காந்தே வேலை. கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நீலமா இருக்கு. நேத்து குளிக்கும்போது சொறிஞ்சதுல ஒரு இடத்துல ரத்தம் நிக்காம வந்துச்சு. துணி வெச்சுக் கட்டினோம், நின்னுடுச்சு. பயப்படணுமா?

---

பழைய_வார்டு_அக்கா

தம்பி, இந்த த்ரெட் ஆஸ்பத்திரிக் கணக்கு எழுதுறவங்களுக்கானது. ஆனா இதைப் படிச்சுட்டு சும்மா போக முடியல. நின்னுடுச்சுன்னு விடாதீங்க, இந்த வாரமே ஒரு வாஸ்குலர் சர்ஜன், இல்லேன்னா ஜெனரல் சர்ஜன்கிட்ட காட்டுங்க. திரும்ப வந்தா அம்மாவைப் படுக்க வெச்சு, காலை நெஞ்சுக்கு மேல தூக்கி, சுத்தமான துணியால அந்த இடத்தை மட்டும் விரலால அழுத்திப் பிடிச்சுட்டே அவசர சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போங்க. உக்கார வெச்சுக்கிட்டு கட்டுக்கு மேல கட்டு போடாதீங்க.

என் வார்டுக்கு ஒரு தடவை ஒரு பாட்டி வந்தாங்க. வீட்ல சேலையைக் கிழிச்சு ஏழெட்டுச் சுத்து கட்டி, நாற்காலியில உக்கார வெச்சபடியே ஆட்டோல ஏத்தியிருக்காங்க. வந்து சேரும்போது சேலை மொத்தமும் நனைஞ்சு சொட்டுது. படுக்க வெச்சு காலைத் தூக்கி ஒரே ஒரு விரல் வெச்சதும் அடங்கிடுச்சு. பாட்டி என்னைப் பார்த்து, “இவ்வளவுதானா? இதுக்கா என் பட்டுச்சேலையைக் கிழிச்சானுங்க?”ன்னாங்க.

(கோடர்களுக்கு: வெரிகோஸ் வெயின் உடைஞ்சு ரத்தம் வந்தா ஐ83.89 குடும்பம். வலது 891, இடது 892. வீக்கமும் அதே இடம்தான்.)

---

கோடர்_மலர்

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி பிரேக்ல சார்ட்டைத் திரும்பத் திறந்தேன். தென்காசி அண்ணா சொன்ன மாதிரியே ப்ளான்லதான் இருந்துச்சு. மூணாவது பக்கம், டூப்ளக்ஸ் (வெயின் ஸ்கேன்) ரிசல்ட்டுக்குக் கீழ, நான் ஸ்க்ரோல் பண்ணவே இல்லாத இடத்துல: “வலது கால் சியாப்: சி2எஸ், ஈபி, ஏஎஸ், பிஆர். இடது சி6. வலது கிரேட் சஃபீனஸ் வெயின் ரிஃப்ளக்ஸால வர்ற கால் கடுப்புக்கு அப்லேஷன்.” கடுப்புன்னு டாக்டரே எழுதியிருக்கார். எங்க எஸ்ஓபிய தேடிப் பார்த்தேன், வெரிகோஸுக்குத் தனியா ஒண்ணும் இல்லை. ஆக எந்தப் பக்கம் பார்த்தாலும் 811 சரி. அதுக்கு இனிமே மறுப்பு வேண்டாம், 223க்கு மட்டும் ரிபட்டல் போடறேன்.

சி6னா அல்சர்னு புரியுது. ஆனா இந்த எழுத்தெல்லாம் என்ன அக்கா?

---

பழைய_வார்டு_அக்கா

பார்த்தியா, நான் எச்பிஐயையும் கைடுலைனையும் வெச்சு மல்லுக்கட்டினேன், பதில் மூணாவது பக்கத்துல தூங்கிட்டிருந்திருக்கு!

சியாப் வெயின் டாக்டருங்க வகைப்பாடு. முதல் எழுத்து சி, கண்ணுக்குத் தெரியற நிலை. சி1 மெல்லிய சிலந்தி வெயின், சி2 வெரிகோஸ், சி3 வீக்கம், சி4 தோல் மாற்றம், சி5 ஆறின புண், சி6 திறந்த புண். பக்கத்துல சின்ன எஸ் இருந்தா அறிகுறி இருக்கு, ஏ இருந்தா இல்லை. மத்த மூணும் காரணம், இடம், கோளாறு. ஈபின்னா ப்ரைமரி, ஏஎஸ்னா மேலோட்டமான வெயின், பிஆர்னா ரிஃப்ளக்ஸ், அதாவது வெயின்ல ரத்தம் பின்னோக்கி வர்றது. எஸ் ரெண்டு இடத்துல வருது, குழப்பிக்காதே. சி பக்கத்துல இருக்கிறதுதான் அறிகுறி.

இதை ஐசிடிக்கு நேரா மாத்துற பட்டியல்னு எடுத்துக்காதே. சி5 பார்த்துட்டு ஐ83.0 போட்டவங்களுக்கு நானே எரர் போட்டிருக்கேன். அது ஆறின புண், இப்ப புண்ணே இல்லை. இன்னொண்ணு, சுருக்கமா எழுதும்போது இருக்கிறதுல உயர்ந்த படியை மட்டும்தான் எழுதுவாங்க. சி6னு எழுதின டாக்டர் அந்தக் கால்ல தோல் மாற்றம் உண்டா இல்லையான்னு அதுல சொல்லியிருக்க மாட்டார். அதனால உன் க்யூஏ “சி6 இருக்கே, சி4 தானா அதுக்குள்ள அடங்கும், அப்ப அழற்சி”ன்னு வாதாடினாலும் விட்டுக் குடுக்காதே. சி4லயே நிறம் மாறினதும் வரும், எக்ஸிமாவும் வரும்.

---

கோடர்_மலர்

கடைசி அப்டேட். ரிபட்டல்ல மூணே வரி எழுதினேன். “811 ஏற்கிறேன். இடது காலுக்கு ஐ83.0 விடுபட்டது என் தவறு, ஏற்கிறேன். ஆனா சார்ட்ல அழற்சி என்றோ ஸ்டேசிஸ் டெர்மடைட்டிஸ் என்றோ எங்கும் இல்லை, நிறமாற்றம் மட்டுமே உள்ளது, எனவே 223 அல்ல, 023.” ஆபீஸ்ல இங்க்லீஷ்லதான் போட்டேன், இங்க தமிழ்ல.

சாயங்காலம் பதில் வந்துச்சு. ரெண்டு எரரும் அப்படியே நிக்குது, என் அக்யூரசியும் 95க்குக் கீழேயே இருக்கு. ஆனா ஷீட்ல 223ஐ அடிச்சுட்டு 023ன்னு மாத்தியிருக்காங்க. அந்த க்யூஏ அக்காவே என் சீட்டுக்கு வந்து, “வேற ரெண்டு பேருக்கும் பழுப்புத் தோலுக்கு எரர் போட்டிருந்தேன், எடுத்துட்டேன்”னு சொல்லிட்டுப் போனாங்க. டிஎல் தலை தூக்கிப் பார்த்தார், ஒண்ணும் சொல்லல.

பிரேக்ல என் பழைய சார்ட்டை எல்லாம் தேடினேன். இந்த மாசம் மட்டும் பதினோரு ஐ83.93 போட்டிருக்கேன். காகிதத்துல நடுக்கோடு இழுத்துப் பார்த்ததுல நாலுல சிக்கல். மூணுல ஒரு கால் வீக்கம், ஒண்ணுல ரெண்டு கால் வலி. க்ளெய்ம் எல்லாம் போயாச்சு. நாலையும் திறந்து திருத்தணும்னு டிஎல்லுக்கு மெயில் டைப் பண்ணி ட்ராஃப்ட்ல வெச்சிருக்கேன். நாளைக்கு ஷிஃப்ட் ஆரம்பிச்சதும் அனுப்பிடுவேன், அவர் மூஞ்சியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி.